பங்கஜத்தின் திட்டு

பங்கஜத்துக்கு அடையாறு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு ஊசி போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று நர்ஸ் முத்துலட்சுமி இடையிடையே ஃபோன் செய்து கேட்பாள். ஆழ்வார்பேட்டையில் அவர்கள் குடியிருந்த சந்துக்கே ஃபோன் என்றால் ஷரஃபுதீன் பாயின் இரும்புச் சாமான் கடையில் இருப்பது ஒன்றுதான்.

புருஷன் கோதண்டபாணிக்கு இந்த ஃபோன் விசாரிப்பு ஆகவே ஆகாது. சுண்ணாம்பு அடித்துப் பிழைக்கிற கிழவர். கட்டினவளுக்கு வயிறு போச்சா, வாந்தி வந்ததா என்பதையெல்லாம் ஆணி வாங்க வந்தவன் காதுபட, முகம் தெரியாத ஒருத்தியிடம் கத்திச் சொல்வதா? எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் கீது" என்று சொல்லி வைத்துவிடுவார். ஆளைப் பார்க்காமல் வைத்தியம் பார்க்கிறவளை நம்ப அவருக்கென்ன பைத்தியமா?

இந்த முறை ஊசி போட்டு வந்த பிறகு பங்கஜம் பேசவே இல்லை. அவரைத் திட்டாமல் அவள் அடுப்பு மூட்டியது கிடையாது. சுண்ணாம்புக் காலோடு உள்ளே வந்தால் திட்டு, பீடி நாற்றத்துக்குத் திட்டு. இப்போது வேண்டுமென்றே சுண்ணாம்புக் காலோடு வீடு முழுக்க நடந்து பார்த்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ரிக்‌ஷாக்காரனோடு அவர் சண்டை போட்டதற்குக் கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

ஃபோன் வந்தது. வழக்கமான பதிலையே சொன்னார். சாப்பிடுகிறாளா, பேசுகிறாளா என்று நர்ஸ் விடாமல் துருவினாள்.

"பேசலை. என் மேல கோவம்."

"கோவமா வலியான்னு யாரு கண்டா? வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க ஐயா. உடம்பு சுடுதான்னு தொட்டுப் பாருங்க. நான் ஃபோனை வைக்கலை."

போய்ப் பார்த்தார். வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புண். நெற்றி அனலாகக் கொதித்தது. ஓடி வந்து, கடை நிறைய ஆள் நிற்க, கண்டதையெல்லாம் கத்திச் சொன்னார். ஊசிக்குப் பிறகு ஜுரம் வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே கூட்டி வாருங்கள் என்றாள் நர்ஸ். பாயே ஓடிப்போய் டாக்ஸி பிடித்து வந்தார்.

பெண்கள் வார்டில் அவரைத் தங்க விடவில்லை. வீட்டுக்கு வந்தால் தரையெல்லாம் அவருடைய வெள்ளைக் கால்தடம். துடைக்க மனசு வரவில்லை. இதைப் பார்த்தால் அவள் என்னென்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பார்வை நேரத்தில் போனால் கண்ணை மூடிக் கிடப்பாள். மற்ற நேரமெல்லாம் பாய் கடை வாசலே கதி. தூங்குகிறாள், பாட்டில் ஏறுகிறது, இவ்வளவுதான் ஃபோனில் வரும் சேதி.

கடைசியில் ஒரு நாள் நர்ஸின் குரல் மாறி வந்தது. "ஜுரம் எறங்கிடுச்சு. பேசினாங்க. நீங்க வீட்டைக் கூட்டாம போட்டிருப்பீங்கன்னு ஒரே திட்டு."

கோதண்டபாணி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சொல்லித் திட்டிச்சு? அப்படியே சொல்லும்மா."

அதையெல்லாம் நான் எப்படி ஐயா என் வாயால் சொல்வது என்று அவள் கூசினாள்.

"சும்மா சொல்லும்மா. கடைல யாரும் இல்லை."

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பாய் ஆணி நிறுப்பதை நிறுத்தினார்.