பின்னறைக்கு மட்டும் கரண்ட் இல்லை

வீடு முழுக்க கரண்ட் இருந்தது, என் பின்னறைக்கு மட்டும் இல்லை. ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகலிலும் விளக்கு போட்டால்தான் ஊசியில் நூல் கோர்க்க முடியும். விளக்கும் போச்சு, பிளக்கும் போச்சு. மோட்டார் வைத்த தையல் மெஷின் வாயடைத்துக் கிடந்தது. வெட்டிய பள்ளிக்கூடச் சீருடைகள் கட்டில் மேல் குவிந்திருந்தன. நேரத்துக்குத் தைத்துக் கொடுக்காவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். அப்புறம் நான் எதைத் தின்பது, அண்ணியின் முகத்தையா?

புருஷன் விட்டுப் போனதிலிருந்து அண்ணன், அண்ணி, அவர்கள் பையனோடு அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. சந்தேகம் நேரே அவள் மேல்தான் போனது.

"ஒயரைப் பிடுங்கி விட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறீங்களே அண்ணி, நல்லா இருப்பீங்க!"

"எனக்கு சுவிட்சைத் தொடவே பயம், உனக்குத் தெரியாதா? வாய் இருக்குன்னு கண்டபடி பேசாதே" என்றாள் அவள்.

அண்ணன்தான் குறுக்கே வந்தான். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். எனக்குத் தலை நரைத்த பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். "விடு பாப்பா, நான் பாக்கறேன்" என்று பல்பை மாற்றினான், ஃபியூஸைக் கழற்றி மாட்டினான், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சுவிட்ச் போர்டைக் குடைந்தான். வேர்த்துக் கொட்டியது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

"சுவத்துக்குள்ள ஒயர் போயிருக்கும் பாப்பா. உடைச்சாத்தான் தெரியும். அதுவரைக்கும் உன் சிநேகிதி வீட்டுல இருந்துக்கலாமே" என்று இழுத்தான்.

மறுநாள் அவன் குளிக்கப் போன நேரம், பிளக்கில் டெஸ்டரைச் செருகிப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் கரண்ட் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழி இல்லை. அந்த நியூட்ரல் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. மெஷின் மோட்டாரோடு மாரடித்த எனக்கு இது கூடவா தெரியாது? மெயினை அணைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, நடையில் ஒயர்கள் சேருகிற பெட்டியைத் திறந்தேன்.

ஒன்றாக முறுக்கியிருக்க வேண்டிய இரண்டு கறுப்பு ஒயர்கள் தனித்தனியாக நின்றன. எலி கடிக்கவில்லை, கருகவுமில்லை. கட்டிங் பிளேயரால் வெட்டி, நுனிக்கு நுனி டேப் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசியில், பிரிக்க வசதியாக ஒரு சின்ன மடிப்பு. அண்ணன் மட்டும்தான் அப்படி மெனக்கெடுவான்.

துண்டோடு வந்து நின்றான். ஸ்டூல் மேலிருந்தே கேட்டேன்.

"நீயா?"

"ஷாக் அடிச்சுடக் கூடாதேன்னுதான் டேப் சுத்தினேன் பாப்பா."

அடேயப்பா, எவ்வளவு அக்கறை!

"போன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. அண்ணியை அந்த ஏச்சு ஏசினேன், நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

"பையனுக்குக் கல்யாணம் ஆகப்போவுது. ரூம் வேணும். என் வாயால சொல்ல மனசு வரல. வேலை ஓடலைன்னா நீயே கிளம்பிடுவேன்னு பாத்தேன்."

டேப்பைப் பிரித்து ஒயர்களை முறுக்கினேன். ஸ்டூல் ஆடியதில் முறுக்கு நிற்கவே இல்லை. "இறங்கு, விழுந்து வைக்கப் போறே" என்று அவனே ஏறி, இறுக்கி முறுக்கி, டேப் சுற்றி, மெயினைப் போட்டான். என் அறையில் விளக்கு எரிந்தது.

அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"வந்துடுச்சு. இனிமே இருட்டுல தடவ வேணாம். ஒண்ணும் விட்டுப் போகாம, பாத்துச் சாமானைக் கட்டு பாப்பா."