சாயம் போகும் என்று சொன்னவள்

பாட்டி போய்ச் சேர்ந்த மறுநாளும் வீட்டில் கூட்டம் குறையவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் அவள் வேலை பார்த்த துணிக்கடையில் அவளிடம் துணி எடுத்தவர்கள். ஒவ்வொருவரிடமும் அவள் சொன்ன நல்ல வார்த்தை ஒன்று இருந்தது.

"என் நிறத்துக்கு நீலம்தான் எடுப்பா இருக்கும்னு சொன்னாங்க" என்றாள் ஒருத்தி.

"நீங்க போட்டாத்தான் இந்தத் துணிக்கே மரியாதைன்னாங்க" என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். மூட்டை தூக்குகிறவனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்று நினைத்திருப்பார்கள். விஷயம் அதுவல்ல. தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்தவள் அவள். என்னைப் பற்றி அவள் சொன்ன ஒரு நல்ல வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

அகப்பட்டதெல்லாம் வேறு. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பெரியப்பா என்னை அழைத்துப்போக வந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. நல்ல வேலை, வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம். பாட்டி அவரிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இவனையா? வேணாம்டா. சரியான சோம்பேறி. படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிடுவான். மண்டையில ஒண்ணும் ஏறாது. உன் பொண்டாட்டி ரெண்டே நாள்ல திருப்பி அனுப்பிடுவா, பாரு."

பெரியப்பா தனியாகவே பஸ் ஏறினார். மண்டையில் ஏறாது என்று பாட்டியே சொன்ன பிறகு எனக்கு என்ன படிப்பு? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் கொண்டுபோய் விட்டாள். நான் நழுவி நழுவி ஓடினேன். கடைசியில் கிடங்கில் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பதுக்கு மேல்தான். என் பேரை எழுதி அவளிடம் காட்டினேன். "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாள்.

மத்தியானம் ஏணியக்கா வந்தாள். பாட்டியோடு அதே கடையில் நின்றவள். மேல்தட்டுத் துணியைத் தரையில் நின்றே எடுப்பாள், அதனால் அந்தப் பெயர். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"உங்க பாட்டி என்னா புளுகு புளுகுவா தெரியுமா? ஒரு துணி அவளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னு வை, யாருக்கும் விக்க மாட்டா. எவளாவது தொட்டா போதும், 'வேணாம்மா, ஒரு தண்ணிக்குச் சாயம் போயிடும், நூலு இத்துப்போச்சு'ம்பா. விக்காத சரக்குன்னு முதலாளி தள்ளினதும் இவ வீட்டுக்குக் கொண்டாந்துடுவா. கெட்டிக்காரி!"

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் காலாட்டிக்கொண்டிருந்த பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. கால் நின்றுவிட்டது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் எழுந்து பின்வாசலுக்குப் போனார். நானும் போனேன்.

"பெரியப்பா, நான் படுக்கையில ஒண்ணுக்குப் போனதே இல்ல."

"தெரியும்டா."

"எப்போ தெரிஞ்சுது?"

"அன்னைக்கே. அம்மா வியாபாரத்தைப் பாத்து வளந்தவன்டா நான். அவ ஒண்ணை மட்டம் தட்டினா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா விட்டுட்டுப் போனீங்க?"

"உன்னைக் குறை சொல்லிக்கிட்டே, நீ நின்ன கதவை இறுக்கிப் பிடிச்சவ விடவே இல்ல. அதுக்கு மேல எப்படிடா கேக்கறது?"

எனக்கு உள்ளே ஒரு பக்கம் குளிர்ந்தது, ஒரு பக்கம் எரிந்தது. அவள் என்னை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். சரி. ஆனால் வாங்க வந்தவர் அந்தப் பேச்சை நம்பவில்லை. துணிதான் நம்பியது. முதுகு வளைகிற வரைக்கும் நம்பியது. இதை இப்போது யாரிடம் போய்ச் சண்டை போட? அவள் இருந்தால் கத்தியிருப்பேன். கத்திவிட்டு மடியில் தலை வைத்திருப்பேன்.

"பெரியப்பா, உங்ககூட வந்திருந்தா நான் படிச்சிருப்பேனா?"

"என்னடா கேள்வி! நீயா? பிரமாதமாப் படிச்சிருப்பே. உன் மூளைக்கு எங்கேயோ போயிருப்பே."

படபடவென்று சொன்னார். தயக்கமே இல்லை. துணியை விற்க வாடிக்கையாளரிடம் பாட்டி பேசுவாளே, அசல் அதே குரல். எனக்குப் புரிந்துவிட்டது.

புரிந்த பிறகும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன்.