முறுக்கு சுட்ட அம்பாசடர்

ஹம்சா மாமிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது என்றுதான் கற்பகவல்லி ஃப்ளாட்ஸில் ஆறு வீடும் நம்பிக்கொண்டிருந்தது. நம்ப வைத்தவளே மாமிதான். லிஃப்டில் ஏறினால், கீரைக்காரியிடம் நின்றால், மொட்டை மாடியில் வற்றலைத் திருப்பிப் போட்டால், "அறுபது வயசுக்கு மேல எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தா பாருங்கோ, அதுவும் நாலு சக்கரத்தோட" என்று ஒரு பாட்டம் அழுவாள். கேட்டவர்களும் த்சொ த்சொ என்றுவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரித்துக்கொள்வார்கள்.

உண்மை வேறு. வேம்பு மாமா இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ரிடையர் ஆன முதல் எட்டு மாதம் மாமி பட்ட பாட்டை யாரும் பார்க்கவில்லை. மளிகை டப்பாக்களுக்கெல்லாம் மாமா லேபிள் ஒட்டினார். துவரம்பருப்புக்கு து.ப. ஒன்று, து.ப. இரண்டு. ரசம் நுரைத்து வரும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "இன்னும் அரை நிமிஷம் விட்டிருக்கலாம்" என்றார். பாட்டு கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டினார். அதையாவது சரியாகத் தட்டினாரா என்றால், அதுவும் இல்லை.

எட்டாவது மாதம் அசோக் நகரில் யார் வீட்டு வாசலிலோ பதினோரு வருஷமாக மக்கிக்கொண்டிருந்த ஒரு அம்பாசடர் மார்க் டூவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மாமி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மூன்றாவது மாடிக்குப் போய், கதவைச் சாத்தி, டிகாக்ஷன் இறக்கி, காலை நீட்டி உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாமல் ஒரு காபி குடித்தாள். அன்றிலிருந்து காலை எட்டு மணி முதல் ஒரு மணி வரை மாமா காருக்கு அடியில். அடுப்படி மாமிக்கு.

இரண்டு வருஷம் ஓடியது. ஓடியது காலம்தான், கார் இல்லை. போன ஆடி மாதம்தான் எஞ்சின் முதன்முதலாக உறுமியது. ஆவணியில் புகை வர ஆரம்பித்தது. புரட்டாசியில் மிஸ்ஸிங்கும் சேர்ந்துகொண்டது. நாலு சிலிண்டரில் ஒன்று அடிக்காமல், கார் நின்ற இடத்திலேயே நொண்டியடித்தது. பின்னால் நீலமும் வெள்ளையுமாக அப்படி ஒரு புகை.

இதற்காகவே காத்திருந்தார் அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீரங்கன். அவர் புதிதாக ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கியிருந்தார். அதற்குச் சார்ஜர் மாட்ட வாகான சுவர், அம்பாசடர் நிற்கிற இடத்துக்குப் பின்னால்தான் இருந்தது. கூட்டம் போட்டார். "ஓய் வேம்பு, ஓடினாத்தான் கார். நின்னுண்டே இருந்தா அதுக்கு பீரோன்னு பேரு" என்றார். தீர்மானம் நிறைவேறியது: மூன்று வாரம் தள்ளி வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்பாசடர் கோயிலின் நாலு மாட வீதியையும் ஒரு சுற்று சுற்றித் தானாகத் திரும்பி வரவேண்டும். நடுவில் நின்றாலோ, யாராவது தள்ளினாலோ, இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். மாமா கையெழுத்துப் போட்டார். மாமி எல்லார் எதிரிலும், "அப்பாடா, சனியன் ஒழிஞ்சுது" என்று கையைத் தட்டிவிட்டு, மாடிக்கு வந்து காலண்டரில் நாட்களை எண்ணினாள்.

காருக்கு வைத்தியம் பார்த்தவர் மீர்சாகிப்பேட்டை மெக்கானிக் ஷரஃபுதீன். பழைய வண்டி என்றால் அவரை விட்டால் ஆளில்லை என்பார்கள். முதல் வாரம், "பிளக்கு சார்" என்றார். நாலு புது பிளக் போட்டார்கள். நாலே நாளில் நாலும் எண்ணெய் குடித்துக் கறுப்பாகிவிட்டன. அடுத்த வாரம், "வால்வு கைடு சார்" என்றார். அதையும் பிரித்துப் போட்டார்கள். புகை இம்மியும் குறையவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கிற கருவியைச் சொருகினார். நாலு சிலிண்டரும் குமரிப் பெண் மாதிரி திடமாக இருப்பதாக முள் காட்டியது. ஷரஃபுதீன் கருவியைத் தட்டினார், உதறினார், ஊதினார். "இது பொய் சொல்லுது சார். நீலப் பொகை வந்தா எஞ்சின் ஆயில் குடிக்குதுன்னு அர்த்தம். பிஸ்டன் ரிங்கு தேஞ்சு அவுட்டு. எஞ்சினை எறக்கி சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணணும். ரெண்டு மாசம் ஆவும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது.

வேம்பு மாமா வெள்ளிக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தார். அடையாறில் காபி கிளப் வைத்திருக்கிற ஒருத்தன் ரொம்ப நாளாகக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவனுக்கு ஒன்றுதான். நடுவில் வெட்டி, முன் பாதியைக் கல்லாவாகவும் பின் பாதியைச் சோஃபாவாகவும் போடப்போகிறானாம். "நாளைக்கு வந்து பாக்கச் சொல்றேன், ஹம்சா. நீயும் எத்தனை நாள்தான் பொறுத்துப்பே? திங்கக்கிழமையிலேர்ந்து நான் ஆத்தோட இருக்கேன். உனக்கு ஒத்தாசையா" என்றார் மாமா. மாமி கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் மாமிக்கு ஒரு வேலை உண்டு. பார்க்கிங் மூலையில் ஒரு சின்னப் பிள்ளையார் மாடம் இருக்கிறது. டம்ளரில் நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு போய் விளக்கேற்றுவாள். வழக்கமாகக் காலை ஆறு மணிக்கே முடித்துவிடுவாள். அன்றைக்கு இருந்த மனசில் பத்தரை ஆகிவிட்டது. கீழே ஷரஃபுதீன் கடைசி முறையாக எஞ்சினைக் கிளப்பி வைத்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா அடையாறுக்காரனுக்குப் போன் பண்ண கேட் பக்கம் போயிருந்தார்.

இரண்டாம் மாடி நிலா, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், படியிறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, உண்மையைச் சொல்லுங்க. தினமும் பத்தரைக்கு எனக்கு மீட்டிங். கரெக்டா அந்த நேரத்துக்கு முறுக்கு வாசனை வருது. யார் வீடு?"

"எங்காத்துல இல்லைடீம்மா. ஸ்ரீரங்கன் ஆத்துலன்னு யாரோ சொல்லக் கேட்டேன்."

"அவங்க உங்க வீடுன்னு சொல்றாங்க. சுடறது சுடறாங்க, ஒரு தட்டுல வெச்சுக் குடுக்கக்கூடாதா?"

சமாசாரம் இதுதான். இரண்டு மாதமாக ஆறு வீடும் ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது. யாரோ தினமும் பட்சணம் செய்து தனியாகத் தின்கிறார்கள் என்று ஒரு உள்வன்மம். மாமிக்கு அந்த வாசனை மேலே வந்ததே இல்லை; எஞ்சின் சத்தம் பாட்டு வகுப்பைக் கெடுக்கிறது என்று அந்நேரம் ஜன்னல்களைச் சாத்திவிடுவாள். இப்போதுதான் முதல் முறையாக மூக்கை உறிஞ்சினாள்.

முறுக்கில்லை. முறுக்கென்றால் அரிசி மாவும் சீரகமும் மணக்கும். இது வெறும் எண்ணெய், வாணலியில் மறந்துபோய்க் காய்ந்து புகைகிற நல்லெண்ணெய். நாற்பது வருஷம் அடுப்பில் நின்ற மூக்கு பொய் சொல்லுமா? புகை வருகிற குழாயைப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

நிலா போகட்டும் என்று காத்திருந்தாள். "ஷரஃபுதீன், அந்த உருண்டை டப்பா மூடியைக் கொஞ்சம் கழட்டேன்."

"அது காத்து வடிகட்டி மாமி. அதுக்கும் பொகைக்கும் இன்னா?"

"கழட்டேன், சொல்றேன்."

எஞ்சினை அணைத்துவிட்டு மூடியைத் தூக்கினார். அந்தக் காலத்து வடிகட்டி அது. அடியில் ஒரு கிண்ணம்; அதில் ஒரு கோடு வரைக்கும் எஞ்சின் ஆயில் இருக்கவேண்டும். காற்றில் வருகிற தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். ஷரஃபுதீன் பார்த்த கிண்ணத்தில் கோடும் தெரியவில்லை, அடியும் தெரியவில்லை. விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. நடுவில் எரிந்த திரி ஒன்றும் அரளிப்பூ இதழ் ஒன்றும் மிதந்தன.

"யா அல்லா! இன்னா மாமி, காருக்குள்ள குத்துவிளக்கா வெச்சிகினு கீறீங்க?"

"கத்தாதே. சாமிக்குன்னு எடுத்துண்டு வந்த எண்ணெயைத் திரும்ப சமையலுக்குக் கொண்டுபோகப்படாது. மீந்ததைக் கொட்டவும் மனசு வரலை. இவர் இதைத் திறந்து வச்சிருந்தப்போ கிண்ணத்துல எண்ணெய் கொஞ்சூண்டு இருந்துது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா கிண்ணம் குறைஞ்சிருக்கேன்னு ரொப்பினேன். அப்புறம் வாராவாரம் நானே மூடியைத் தூக்கி விட்டேன். வண்டி நன்னா இருக்கட்டும்னுதான்."

"எத்தினி வெள்ளிக்கெயமை?"

"ஆடியிலேர்ந்து."

ஷரஃபுதீன் ஸ்பேனரால் தன் நெற்றியில் மெல்லத் தட்டிக்கொண்டார். எண்ணெய் தளும்பத் தளும்ப எஞ்சின் அதைக் காற்றோடு உறிஞ்சி எரித்திருக்கிறது. புகையும் அதுதான், பிளக் நனைந்து மிஸ்ஸிங் அடித்ததும் அதனால்தான். ரிங்குக்கு ஒரு கேடும் இல்லை.

மாமி விடவில்லை. "ஏன்யா, எங்காத்து மாமாவை விடு, மூக்கு நிறைய பொடி. கற்பூரத்துக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஊரே முறுக்குங்கறது, உனக்குமா தெரியலை?"

ஷரஃபுதீன் கேட் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொரோனா வந்ததுலேர்ந்து எனக்கு மூக்கு வேலை செய்யலை மாமி. வூட்ல பிரியாணி தீஞ்சாலும் தெரியாது. தொயில் பண்றவன் இதை வெளிய சொல்ல முடியுமா? ஒண்ணு பண்லாம். நான் உங்க எண்ணெயைச் சொல்லலை, நீங்க என் மூக்கைச் சொல்லாதீங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

மாமா போனும் கையுமாக வருவதற்குள் திரியும் பூவும் மாமியின் முந்தானையில் முடிச்சாகியிருந்தன. ஷரஃபுதீன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார், கண்டுபுட்சிட்டேன். வடிகட்டில ஆயில் ஓவரா ஊத்திக்கீது. எஞ்சின் சோக்கா கீது. அடையாறு ஆளை வேணான்னு சொல்லிடுங்க."

மாமா கிண்ணத்தில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "ஆமாம், நல்ல கெட்டி ஆயில்" என்று நிபுணர் மாதிரி தலையசைத்தார். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது. "நான்தான் மறந்துபோய்த் திரும்பத் திரும்ப ஊத்தியிருக்கேன் போலிருக்கு. வயசாயிடுத்து ஹம்சா." மாமிக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாமா ஸ்டியரிங்கில், பக்கத்தில் மாமி. பின்சீட்டில் ஸ்ரீரங்கன் போனில் படம் பிடித்துக்கொண்டே தீர்ப்பளிக்க உட்கார்ந்திருந்தார். ஷரஃபுதீன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். கழுவின வடிகட்டி, புது பிளக். எஞ்சின் நாலு காலிலும் நடந்தது. கிழக்கு மாட வீதியில் பூக்கூடைகள், வடக்கில் கல்யாண கோஷ்டி, குளத்துப் பக்கம் மெட்ரோக்காரர்களின் தகரத் தடுப்பு. அங்கே ஒரு பஸ்ஸும் மூன்று ஆட்டோவும் முகத்துக்கு முகம் நின்று ஏழு நிமிஷம் மல்லுக்கட்டின. "அணைஞ்சா நின்னதா அர்த்தம்" என்றார் ஸ்ரீரங்கன் ஆசையோடு. அணையவில்லை. சைலன்சரில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் மீதி எண்ணெய் மட்டும் சூடேறி மணத்தது. ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, டிக்கில பஜ்ஜி போட்றியா?" என்றார்.

பத்து நாற்பதுக்குக் கார் கேட்டுக்குள் நுழைந்தது. நிலா கைதட்டினாள். ஸ்ரீரங்கன் இறங்கி, சுவரை ஒருதரம் ஏக்கமாகப் பார்த்தார்.

மாமா எஞ்சினை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிஞ்சுது ஹம்சா. இனிமே இதுல பண்றதுக்கு ஒண்ணுமே இல்லை. நாளையிலேர்ந்து முழு நேரமும் ஆத்துலதான். முதல்ல உன் ஃப்ரிட்ஜை ஒழுங்கு பண்ணணும். அப்புறம் அந்தப் பொண்களுக்குத் தாளம்."

இதை மாமி யோசிக்கவே இல்லை. கார் செத்தாலும் மாமா மேலே வருவார். பிழைத்தாலும் மேலே வருவார். கார் கதவைத் திறக்கப்போன கை அப்படியே நின்றது.

"ஏன்னா, ஒவ்வொரு திருப்பத்துலயும் அடியில கடகடன்னு ஒரு சத்தம் வந்துதே, கேக்கலை உங்களுக்கு?"

"இல்லையே."

"எனக்குக் கேட்டுது. பாட்டு வாத்தியார் காது. ஸ்ருதி எங்கேயோ சேரலை." ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்த ஆளை மாமி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஷரஃபுதீன், உனக்கும் கேட்டிருக்குமே?"

ஷரஃபுதீன் மாமியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். குனிந்து காருக்கு அடியில் எதையோ இரண்டு தட்டு தட்டினார். "மாமி சொல்றது கரீட்டு சார். கியர்பாக்ஸ்ல சவுண்டு கீது. எறக்கித்தான் பாக்கணும்."

மாமாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! "இறக்கணுமா? எத்தனை நாள் ஆகும்?"

"ஓய், மறுபடியும் பிரிக்கப் போறீரா?" என்று ஸ்ரீரங்கன் படியிலிருந்தே அலறினார்.

"ஒரு தரம் சுத்தி வரணும்னுதானே தீர்மானம்?" என்றாள் மாமி. "சுத்தியாச்சு. நீங்களே படம் பிடிச்சு வச்சிருக்கேள்." பிறகு மாமாவிடம் திரும்பி, கல்யாணமான புதிதில்கூடப் பேசாத குழைவோடு, "அவசரமே படாதீங்கோ. நிதானமா, ஒவ்வொரு திருகாப் பாத்துப் பண்ணுங்கோ. காபி கீழேயே கொடுத்தனுப்பறேன்" என்றாள்.

மாமா அதற்குள் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டுக் காருக்கு அடியில் போயிருந்தார். லிஃப்டில் ஏறும்போது மாமி கீரைக்காரியிடம் சொன்னாளாம்: "பார்த்தியோன்னோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டார். என் தலையெழுத்து."