ஒரு முழம் உயரம்

அண்ணனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இபுவேனா பாக்கு மரத்தடியில் தள்ளியே நின்றாள். கூடப் பிறந்தவள் பிணத்தைத் தொட்டால் அவளுக்கும் ஆகாது. அதெல்லாம் பெண்டாட்டி வீட்டார் வேலை. தொடமுடியாத கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணி சோபேலா வெளியே வந்தாள். தலையை மழித்து, உடம்பெல்லாம் கரி பூசி, ஆளே அடையாளம் தெரியவில்லை.

"நெஞ்சுல தடம் இருக்கு. கட்டம் கட்டமா, கிழங்கு அடுக்கி வைக்கிற வீட்டோட மரச்சட்டம் மாதிரி."

அந்தத் தடத்துக்கு ஒரே அர்த்தம்தான். தகுதிக்கு மேல் கிழங்கு விளைவித்திருக்கிறான், வயிறெரிந்த எவனோ சூனியம் வைத்துவிட்டான். ஒன்பது நாள் காய்ச்சலில் ஓலைப்பாயை விட்டு எழாத உடம்பு. பாயின் அச்சாகவும் இருக்கலாம். இபுவேனாவுக்கு அது தோன்றியது, ஆனால் நம்ப முடியவில்லை.

"யாருக்காக வெளைய வச்சாரு? தங்கச்சி வாசல்ல குவிக்கத்தானே," என்றாள் சோபேலா. "போதும்யான்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். தலைவர் வீட்டுக் குவியல விட ஒரு முழம் ஒசரணும்னு நீதானடி சொல்லி விட்ட?"

கூடப் பிறந்தவளுக்குக் கிழங்கு விளைவித்து அவள் வாசலில் குவிப்பது அண்ணன் தம்பிகளின் கடமை. ஆனால் ஒரு முழம் கூடச் சொல்லிவிட்டது இபுவேனாதான்.

இபுவேனாவின் கொழுந்தன் தொகுலுவா வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். "இதுல பொறாமைய குத்தம் சொல்லாதீங்க. எவனாவது சூனியம் வச்சுருவானோங்கிற பயம் இல்லேன்னா எவன் எவனுக்குக் குடுப்பான்? இருக்கிறவன் தின்னுக்கிட்டே இருப்பான், இல்லாதவன் பாத்துக்கிட்டே இருப்பான்."

"எங்கண்ணன் தன் வீட்டுல ஒண்ணும் வச்சுக்கலயே. அம்புட்டையும் குடுத்துத்தானே செத்தான்?"

"குடுக்கிறதையும் அளவாக் குடுக்கணும், அண்ணி."

அவன் சொன்னது நியாயமாகப் பட்டதுதான் இபுவேனாவுக்குத் தாங்கவில்லை.

அடக்கம் முடிந்தது. குளிப்பாட்டியவர்களுக்கும் சுமந்தவர்களுக்கும் அழுதவர்களுக்கும் இறந்தவனின் ரத்த உறவுதான் கிழங்கு கொடுக்க வேண்டும். இபுவேனா தன் வாசலில் அண்ணன் குவித்திருந்த குவியலை உச்சியிலிருந்து பிரித்தாள். கூடை கூடையாகப் போகப் போக, ஊரார் முகங்களில் இறுக்கம் தளர்ந்தது. நீளமான பெருவள்ளிக் கிழங்கைச் சோபேலாவின் கூடையில் வைத்தாள். சோபேலா அதைப் பார்க்காமலே தூக்கிக்கொண்டு போனாள்.

எல்லாம் தீர்ந்தபோது தம்பி கேசாய் வந்தான். இனி அக்காவுக்குப் பயிரிட அவன் ஒருத்தன்தான் மிச்சம்.

"அடுத்த வருஷம் எவ்வளவு ஒசரம்க்கா?"

"இடுப்பளவு போதும்டா. அதுவே ஜாஸ்தி."

அவன் முகம் சுண்டிப்போனது. "அவன் குவிச்சத ஊரே நின்னு பாத்துச்சு. இன்னைக்கும் அவன் பேச்சுதான். எனக்கு மட்டும் இடுப்பளவா?"

"டேய், அவன் செத்துட்டாண்டா!"

குவியல் இருந்த இடத்தில் புல் பழுத்து, வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. கேசாய் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தான். பிறகு ஒரு குச்சியை ஒடித்து, வட்டத்துக்கு ஓரடி வெளியே தள்ளி ஊன்றினான்.