இரண்டு மணிக்கு முன்னால்

பத்தொன்பது வருஷமாக மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறவளுக்குச் சொந்தக் காலில் மலை ஏறத் தெரியவில்லை என்று போன வருஷம் ஊரே சிரித்தது. ஊர் என்றால் குடும்பம்தான், அது போதாதா? மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும் இருபத்துநான்கு கிலோமீட்டர் நடையில் சரிபாதியில் உச்சிக் கணவாய். பகல் இரண்டு மணிக்கு அங்கே காவலர் சங்கிலியைப் போட்டுவிடுவார். பிந்தி வருகிறவர்கள் இருட்டுவதற்குள் அந்தப் பக்கம் இறங்க முடியாதென்று வந்த வழியே திருப்பி அனுப்புவார். போன வருஷம் தங்கையோடு போட்டி போட்டு ஓடி, பாதியில் நாக்குத் தள்ளி, இரண்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்து திரும்பி வந்தாள். அதை வீடு வீடாகத் தம்பட்டம் அடித்ததும் அந்தத் தங்கைதான். உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர். உடம்பில் ஒரு கிராம் கொழுப்பில்லை, நாக்கில் ஒரு கிராம் இரக்கமில்லை.

"ஸ்டியரிங் இல்லாம உன்னால ஏற முடியாதுக்கா," என்றாள் இந்த வருஷமும், ஷூ லேஸை இறுக்கியபடி.

"பாக்கலாம்டி."

அக்கா இந்த முறை ஒரு முடிவோடு வந்திருந்தாள். ஆள் நிறைந்த வண்டியை ஏற்றத்தில் எப்படி ஓட்டுவாளோ அப்படியே நடப்பது. முதல் கியர், ஒரே சீர், நடுவில் நிறுத்துவதில்லை. தங்கை பத்தே நிமிஷத்தில் கண்ணுக்கு மறைந்தாள். பின்னால் வந்த இளவட்டக் கூட்டம் ஒன்று, "வழி விடுங்க ஆன்ட்டி" என்று தாண்டிப் போனது. போகட்டும், வளைவில் அவசரப்பட்டவர்கள் எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்!

மரங்கள் முடிந்து புல்வெளி வந்தது. அதுவும் முடிந்த பிறகு கல்லும் பனியும்தான். கீழே ஓர் ஏரி, இத்தனை நீலம் எதற்கு என்று கேட்கத் தோன்றும்படி கிடந்தது. கால் வலியில் உயிர் போனாலும் அவள் நடையை மாற்றவில்லை.

பன்னிரண்டரைக்கு ஒரு பாறைமேல் தங்கை உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"காலையில சாப்பிடாம ஓடி வந்துட்டேன். கால் நடுங்குது. நீ போக்கா, நான் திரும்பிடறேன்."

ஒரு நிமிஷம் அக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே உட்கார்ந்தால் இரண்டு மணி கைநழுவிப் போகலாம். உட்கார்ந்தாள். பிஸ்கட்டும் இனிப்புத் தேநீரும் கொடுத்து, தங்கையின் முகத்தில் ரத்தம் திரும்பும்வரை இருபது நிமிஷம் காத்திருந்தாள். அப்புறம் அவள் பையையும் வாங்கி மார்பில் மாட்டிக்கொண்டாள்.

"என் பின்னாடியே வா. முந்தாதே."

"டைம் ஆகுதுக்கா, கொஞ்சம் வேகமா..."

"வண்டியை நான்தானே ஓட்றேன்? பேசாம வா."

தங்கை வாழ்நாளில் முதல்முறையாகப் பேசாமல் வந்தாள். வழியில் அந்த இளவட்டக் கூட்டம் மூச்சிரைத்துச் சாய்ந்து கிடந்தது. அக்கா மரியாதையாக, "கொஞ்சம் வழி விடுங்க தம்பிங்களா," என்றாள்.

உச்சியில் காவலர் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"போன வருஷம் என்னைத் திட்டிட்டுப் போனவங்கதானே நீங்க?"

"நானேதான்!" என்று அவரைத் தாண்டிப் போனாள்.

அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் மலையாக வெள்ளைச் சிகரங்கள் வானம் முட்ட நின்றன. வெகு கீழே அவள் தினமும் ஓட்டும் சாலையில் ஒரு பேருந்து முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கி ஓவென்று கத்தினாள்.

தங்கை ஃபோனை எடுத்தாள். "அத்தான், ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கணும். நான் பாதியில உக்காந்துட்டேன். அக்காதான் என்னையும் சேர்த்து ஏத்தி விட்டா!"

அக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். "டைம் சொல்லுடி."

"ஒன்னு அம்பத்தெட்டு!" என்று தங்கை மலை அதிரக் கத்தினாள்.