இருக்காளா

மகளோடு புருஷனை விட்டு ஓடிவந்த நாளிலிருந்து, தன் பெயர் வெளியே தெரியாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டாள் அவள். சிம்மை மாற்றினாள். போனில் படம் போடுவதைத் தலைமுழுகினாள். “பொண்ணைத் தூக்கிட்டுப் போயிடுவேன், ஆயுசுக்கும் அவ முகத்தைப் பாக்க மாட்டே” என்று அவன் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த தையல் கடையில் யாரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. இடக்கையால் கத்தரிக்கோல் பிடிக்கிறாள், அதனால் நொட்டாங்கை அக்கா ஆகிவிட்டாள். புருஷன் வாயில் வசவாக வந்த சொல் இங்கே செல்லப்பெயர். புருஷனைப் பற்றிக் கேட்டபோது வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்தாள்.

பட்டன் வாங்கப் போய்விட்டு வந்தவள், ஓய்வாக மிஷின் முன் உட்கார்ந்து வழக்கம்போல் தன் பெயரை இணையத்தில் தேடினாள். ஒன்றுமில்லை. சும்மா இருக்காமல் கடையின் பெயரையும் போட்டுப் பார்த்தாள்.

கடையைப் பற்றிய கருத்துப் பகுதியில் வாடிக்கையாளர்கள் அவளைக் கொண்டாடித் தீர்த்திருந்தார்கள். “நொட்டாங்கை அக்கா தைச்சா அளவு பிசகாது.” “அக்கா கை பட்டாலே போதும்.” நல்லது செய்வதாக நினைத்து ஊரே சேர்ந்து அவளைக் காட்டிக்கொடுத்திருந்தது.

கீழே, படமில்லாத யாரோ ஒருவரின் கேள்வி: “நொட்டாங்கை அங்கதான் இருக்காளா?”

அக்கா இல்லை. இருக்காங்களா இல்லை. இருக்காளா. இந்த உலகத்தில் அவளை அப்படிக் கேட்கக்கூடியவன் ஒருத்தன்தான்.

அதற்குக் கடைக்காரம்மா பதிலும் போட்டிருந்தார்: “இருக்காங்க. ஸ்கூல் விடுறதுக்கு முன்னாடி வாங்க. பக்கத்து ஸ்கூல்லதான் பொண்ணு படிக்குது, கூப்பிடப் போயிடுவாங்க.”

“அக்கா, இதுக்கு ஏன் பதில் போட்டீங்க?” அவள் போனைக் கடைக்காரம்மா முன்னால் நீட்டினாள்.

“அவ்வளவு உரிமையா ‘இருக்காளா’ன்னு கேட்டா, சொந்தக்காரங்கன்னுதானேம்மா நினைப்பேன்?” கடைக்காரம்மா சிரித்தார். “நினைச்சது சரியாத்தான் போச்சு. நீ பட்டன் வாங்கப் போனப்ப உன் வீட்டுக்காரரே வந்துட்டாரு. சொல்லாதீங்க, திடீர்னு வந்து நிக்கிறேன்னாரு. எனக்குத்தான் வாயில எதுவும் நிக்காதே!”

“இப்ப எங்க?”

“ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? இன்னிக்கு நீ அலைய வேண்டாமாம். பிள்ளையைக் கூப்பிட அவரே போயிருக்காரு.”

செருப்பைக்கூடப் போடாமல் அவள் தெருவில் இறங்கி ஓடினாள். எதிரே, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.