தகப்பன் செடி

மனைவி இறந்தபின் விவசாய உத்தியோகத்தர் அம்புறோஸ் மன்னார்ப் பள்ளிமுனையை விட்டு, முசலிப் பரிசோதனைத் தோட்டத்துக்கு மாற்றம் கேட்டு வந்தார். உலக யுத்த காலம். அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. இந்த மணலில் சோயா விளையுமா என்று விவசாய இலாகாக் கந்தோருக்குத் தெரிய வேண்டும். புது இனம் எதுவும் கிடைக்காவிட்டால் தோட்டத்தை மூடிவிடுவார்கள்.

மூன்று இனங்கள் இருந்தன. இரண்டு நன்றாகக் காய்த்தன; வெள்ளைப் பூ, மஞ்சள் விதை. அவற்றைக் கலக்கச் சொன்னார் மேலதிகாரி. இரண்டும் ஒரே வயலிலிருந்து வந்தவை, புதிதாக ஒன்றும் பிறக்காது என்று அம்புறோஸ் நினைத்தார். மூன்றாவது குட்டை. ஊதாப் பூ, கறுப்பு விதை, பாதிக் காய். மழை பொய்த்தபோது வாடாதது அது மட்டும்தான். அதையே தகப்பனாக்கினார்.

விடியலில் மஞ்சள் இனத்தின் மொட்டுகளைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்து, கறுப்பின் மகரந்தத்தைத் தடவினார். தடவிய மொட்டுக்குச் சிவப்பு நூல் கட்டினார். பல உதிர்ந்தன. சில பிடித்தன.

காய் முற்றும் வேளையில் காய்ச்சல் கண்டது. மன்னார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்க யாரும் வரவில்லை.

திரும்பியபோது செடிகளில் காய் இல்லை. களை பிடுங்க வரும் உம்மு குல்சூம் ஒரு பானையை நீட்டினாள். மஞ்சளும் கறுப்புமாய் விதை, மேலே அவிழ்த்த சிவப்பு நூல்கள்.

"பயறு மாதிரித்தானே எண்டு காயக் காய ஆய்ஞ்சனான், தம்பி. விட்டால் வெடிச்சுச் சிந்திப்போகும். நூலையும் எறியேல்லை."

அவர் பானையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை.

விதையின் தோல் தாயினுடையது. ஆகவே கறுப்பெல்லாம் தகப்பன் செடியில் காய்த்தவை, அவற்றை ஒதுக்கினார். கலப்பு மஞ்சளுக்குள்தான் இருக்க வேண்டும். எது என்று பூத்தால்தான் தெரியும்: கலப்பு தகப்பனைப்போல ஊதாவாகப் பூக்கும். மேலதிகாரி சொன்னபடி மஞ்சள் இரண்டையும் கலந்திருந்தால் எல்லாமே வெள்ளையாகப் பூக்கும், அதற்கும் வழியில்லை.

மேலதிகாரி சிரித்தார். "இன்னொரு போகம் பாருங்கோ. பிறகு பூட்டிப்போட்டு வாங்கோ."

மழையோடு மஞ்சள் முழுவதையும் விதைத்தார். களையைத் தானே பிடுங்கினார். பூக்கள் வந்தன. வரிசை வரிசையாக வெள்ளை. சோயாப் பூ மிகச் சிறியது. ஒவ்வொரு செடியாகக் குனிந்து இலையை விலக்கிப் பார்த்தார்.

கடைசி வரிசையில் ஊதா. தள்ளி இன்னும் இரண்டு.

"பூத்திட்டுது," என்றார். கேட்க ஆளில்லை.

உம்மு குல்சூமின் வீட்டுக்கு நடந்தார். வேலிப் படலை கயிற்றால் கட்டியிருந்தது. மகளோடு இருக்க மன்னார்ப் பக்கம் தாராபுரம் போய்விட்டாள் என்றார்கள் பக்கத்து வீட்டார்.

திரும்பி வந்து, ஆடு கடிக்காதபடி அந்த மூன்று செடிகளையும் சுற்றி முள் அடைத்தார்.